ரேணுகாதேவி வாசிக்காத பெயர்

நான் எதற்கும் சட்டென்று வாயைப் பிளக்கிறவள் இல்லை. அருப்புக்கோட்டைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நான் மட்டும், "டைப்ரைட்டருக்கு ஒரு டி.வி.ய மாட்டிருக்காக, இதுக்கா இம்புட்டுக் கூட்டம்" என்று சொல்லிவிட்டு டைப்பிங் ஹையர் பரீட்சைக்குப் படிக்கப் போனேன். அப்படிப்பட்ட என்னையும் ஒருத்தி வாயடைத்து உட்கார வைத்தாள். அவள் பேர் ரேணுகாதேவி.

தொண்ணூற்றேழாம் வருஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை மாடியில் வீரபத்திரன் சார் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சென்டர் என்றால் ஒரே ஒரு மெஷின், ஒரு பிரிண்டர், கரண்டு போனால் நாங்கள் விசிறிக்கொள்ள இரண்டு ஓலை விசிறி. சுற்றுப்பட்டு கிராமங்களின் வாக்காளர் பட்டியலைத் தமிழில் அடித்துக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்த வாத்தியார்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருத்தி அடிக்க வேண்டும். ஹையர் பாஸானவள் என்பதால் அடிக்கிற நாற்காலி எனக்கு. கணக்கில் பி.எஸ்ஸி. வாங்கிய ரேணுகாதேவியை வாசிக்க உட்கார வைத்தார் சார். அவருடைய நிர்வாகத் திறமை அப்படி.

அவளுக்குப் பிறந்த ஊர் பந்தல்குடி. அப்பாவுக்குத் தூத்துக்குடி ரோட்டில் பஞ்சர் கடை. ஸ்கூல் விட்டு வந்ததும் கடை வாசலில் உட்கார்ந்து, போகிற லோடு லாரிகளின் நம்பரைப் பார்த்தே எந்த ஊர் வண்டி என்று சொல்வாளாம். எழுத்தும் நம்பரும் சேர்ந்து வந்தால் அதில் ஒரு ஒழுங்கைத் தேடிப் பிடிக்கிற புத்தி அப்போதே வந்துவிட்டது போலும். காலேஜ் முடித்த கையோடு எம்.ரெட்டியபட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பருத்தியும் மிளகாயும் போடுகிற மானாவாரி நிலம், தங்கமான குணம், கூடவே பிறவியிலிருந்து பலவீனமான ஒரு இருதயம்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. தெளிவான குரலில் கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்தாள்.

"கதவு எண் நாலு. ஜெயபாண்டி. தகப்பனார் பேரு தனுஷ்கோடி. கதவு எண் அஞ்சு. சீனிச்சேவு. தகப்பனார் பேரு சின்னச்சாமி."

நான் கையை எடுத்துவிட்டேன். "என்னது? சீனிச்சேவா?"

அவள் தாளை என் பக்கம் திருப்பி, அந்தப் பேருக்குக் கீழே விரலை வைத்தாள். காமராஜ் என்று எழுதியிருந்தது.

"எங்க வீட்டுல அவுக பேரும் இதான்" என்றாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

அந்தப் பக்கத்து ஊர்களில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்தன்றே பாதிரி ஐயர் முன்னால், சபை முன்னால், "சுஜின் ஆகிய உம்மை" என்று உரக்கச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவள்தான், இன்றைக்கும் தெரு முக்கு வரைக்கும் கேட்க "சுஜின்!" என்று கூப்பிடுகிறேன். அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். அதனால் முதலில் அவளைக் கேலிதான் செய்தேன்.

கேலி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு காமராஜ் தலையில்தான் விழும். அந்தத் தலைவர் மேல் இருந்த பிரியத்தில் வீட்டுக்கு வீடு வைத்த பேர். தெருப் பேரிலும் அது, பஸ் நிறுத்தத்தின் பேரிலும் அது. போதாக்குறைக்கு அப்போது எங்கள் மாவட்டத்துக்கே காமராஜர் மாவட்டம் என்றுதான் பேர். கட்டிய புருஷன் பேர் இப்படி அமைந்துவிட்டால் ஒருத்தி வாயைத் திறந்து எதைத்தான் பேசுவாள்? ரேணுகாதேவி பேசினாள், கொஞ்சமும் தடுமாறாமல் பேசினாள். காமராஜன் வந்தால் சீனிச்சேவன். காமராஜபாண்டி வந்தால் சீனிச்சேவுபாண்டி. காமராஜர் தெரு வந்தால் சீனிச்சேவர் தெரு. வேகமாக வாசித்துக்கொண்டு போகும்போதே அந்தப் பேர் எந்த வார்த்தைக்குள் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவாள். அதை மட்டும் எடுத்துவிட்டு, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அப்படியே வைத்துக்கொள்வாள். நான் அதைக் கேட்டுச் சரியான பேரை அடித்துவிடுவேன். எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

"ஊர்ல எத்தனையோ பேரு இருக்கையில திங்கிற சீனிச்சேவு எதுக்குடி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொதல்ல மணின்னுதான் வச்சேன். எங்க பெரியத்தை மகன் பேரு மணி. அவரு வந்தன்னைக்கு 'மணிக்குச் சோறு போட்டாச்சு'ன்னு சொன்னேன், எங்க மாமியா அவுகளுக்குத்தான் போட்டேன்னு நெனச்சுக்கிட்டு அடுப்ப அணைச்சிட்டாக. அவுக பட்டினி. அப்பத்தான் யோசிச்சேன். மாத்தி வைக்கிற பேரு ஏழு ஊர்ல எவனுக்கும் இல்லாததா இருக்கணும். இல்லாட்டி திரும்பி வாரதுக்கு வழி தெரியாதுல்ல?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் எவ்வளவு பெரிய சங்கதியைச் சொன்னாள் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

அவள் மாமியார் தங்கத்தாயின் நம்பிக்கை இதுதான்: பெண்டாட்டி வாயில் பேர் வந்தால் புருஷன் ஆயுசு குறையும். ரேணுகாதேவி படித்தவள், இதையெல்லாம் முழுசாக நம்புகிறவள் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வால்வு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் அறைக்கு அழைத்துப் போக வந்த நர்சம்மா, வராண்டாவில் நின்று, "இவரு கூட வந்தது யாரு? பேஷண்டு பேர் சொல்லுங்க" என்று கேட்டாராம். இவள் வாயைத் திறக்கவில்லை. சீட்டைத்தான் நீட்டினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"அன்னைக்குச் சொல்லல, அவுக பொழச்சிக்கிட்டாக. இனிமே சொல்லிப் பாத்துச் சோதிக்கவா முடியும்?" என்றாள் என்னிடம். பயம் என்று வந்தபிறகு பட்டமும் படிப்பும் பேசி என்ன ஆகப்போகிறது?

இதற்கு நடுவில் மதுரையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியில் புது எடிட்டர் புரோகிராம் வந்து சேர்ந்தது. சார் அதைப் பழைய டைப்ரைட்டர் மாதிரியேதான் பாவித்தார். ரேணுகாதேவி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் தயிர்ச்சோறும் மறு கையில் கீபோர்டுமாக, அதிலிருந்த உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு நாள் திடீரென்று சோற்றுக் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஜாய்ஸு! இது நான் வீட்டுல செய்றதுதான்டி!"

பரளச்சிப் பட்டியலை வைத்து அவள் எனக்கு விளக்கிக் காட்டினாள். அந்த ஊர்த் தாளை எழுதிய வாத்தியார், இனிஷியலை எல்லாம் பேருக்குப் பின்னால் எழுதியிருந்தார். பால்சாமி மு., தனுஷ்கோடி சி., ராக்கம்மாள் பெ. இப்படி ஊர் முழுக்க. ஆபீசிலோ முன்னால்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றாகத் திருத்த எனக்குக் குறைந்தது இரண்டு நாள் பிடிக்கும்.

"ஒரு பேரச் சொல்லித் தேடாத. பேரு எப்படி இருக்கும்கிற சாடையச் சொல்லித் தேடு" என்றாள். "கதவு எண்ண அடுத்து ஒரு கமா இருக்குல்ல, அதுக்குப் பொறகு எந்த எழுத்து வந்தாலும் சரி, எத்தனை வந்தாலும் சரி. அத ஒரு அடைப்புக்குறிக்குள்ள பிடிச்சு வச்சுக்கோ. அப்புறம் ஒரு இடைவெளி. அதுக்கப்புறம் வார இனிஷியலையும் புள்ளியையும் இன்னொரு அடைப்புக்குள்ள பிடிச்சு வச்சுக்கோ. இப்ப மெஷின்கிட்ட ரெண்டாவதத் தூக்கி முன்னால வையி, மொதலாவதப் பின்னால வையின்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

அவள் அடித்த வரியைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி, சாய்கோடு, நடுவில் ஒன்று, இரண்டு என்று எண்கள். என்டர் கீயைத் தட்டினாள்.

மு. பால்சாமி. சி. தனுஷ்கோடி. பெ. ராக்கம்மாள். ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் பரளச்சியே எழுந்து, இனிஷியலை முன்னால் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. நான் பக்கம் பக்கமாகப் போய்த் தேடினேன், ஒரு தப்பு அகப்படாதா என்று. அகப்படவில்லை. எந்தப் பேரும் அந்த மெஷினுக்குத் தெரியாது. பேர் என்றால் எப்படி இருக்கும் என்று இவள் சொன்னது மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே அடையாளம் கண்டுகொண்டதே!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரேணுகாதேவியிடம் கால் மணி நேரம் பாடம் கேட்டார். தேடுவதையும் மாற்றுவதையும் கற்றுக்கொண்டார். சாடை சொல்கிற பகுதி வந்ததும், "அது போதும்மா, வெளங்கிருச்சு" என்று எழுந்துவிட்டார்.

அந்த வாரமே தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். ரேணுகாதேவி வாசித்துக்கொண்டிருந்த நேரம். "சீனிச்சேவுபாண்டி, தகப்பனார் பேரு சீனிச்சேவன்" என்று காதில் விழுந்ததும் அந்த மனுஷனுக்கு டீ புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சாருக்கு மானம் போய்விட்டது. ஆபீசர் படி இறங்கியதும் திரும்பினார்.

"அடுத்து வாரது உங்க ஊரு லிஸ்டுதான். பிரிண்டு எடுத்து ஒப்புப் பாக்கையில, தாள்ல உள்ள பேர உள்ளபடி வாசிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரும்மா, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, முடியாது என்று ஆட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? வீட்டில் அனுப்பியதே பெரிய காரியம். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவள் நான். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் தைத்து வைத்த ஒரு இருதயம். "என்னடி செய்யப் போற?" என்று கேட்டேன். "தெரியல ஜாய்ஸு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

எம்.ரெட்டியபட்டிப் பட்டியலை அடித்து முடித்தோம். அந்த நேரம் பார்த்து, மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்துவிட்டு ஊர்ப் பேரையே வைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. காமராஜர் மாவட்டம் இனிமேல் விருதுநகர் மாவட்டம். ரேணுகாதேவி கல்யாணமான நாளிலிருந்து "விருதுநகர் ஜில்லா" என்றுதான் சொல்லிவந்தாள். "கவர்மென்டே ஒனக்காக எறங்கி வந்துருச்சு பாருடி" என்று நான் கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

நாங்கள் லீவில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, சார் தாமே மெஷினில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் மேலே இருந்த மாவட்டப் பேரை மாற்றினார். இரண்டு பேரிலும் கடைசி எழுத்து ஒன்றுதானே, அதை எதற்கு வீணாக அடிப்பானேன் என்று, 'காமராஜ' வரைக்கும் தேடி 'விருதுநக' என்று மாற்றச் சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும். மாற்றியதைச் சேமித்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ளாப்பியில் இருந்த நகலையும் அழித்துவிட்டு இதையே ஏற்றினார். எழுதிய தாள்களையும் மூட்டையாகக் கட்டித் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு அன்றைக்கு ஒரே சுறுசுறுப்பு.

திங்கட்கிழமை காலையில் பிரிண்டு எடுத்தோம். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். முதல் பக்கத்தைப் பார்த்து நான் "விருதுநகர் மாவட்டம், ஜோரா வந்திருக்கு சார்" என்றேன். அடுத்த வரி, விருதுநகர் தெரு. அதற்குக் கீழே விருதுநகன், தகப்பனார் பெயர் தனுஷ்கோடி. அதற்கும் கீழே விருதுநகபாண்டி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டி, ரேணுகாதேவியிடம் நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் தெரு இருந்த பக்கம் அது. கதவு எண்ணுக்கு எதிரே விருதுநக் என்று இருந்தது. அடுத்த வரியில், ரேணுகாதேவி, கணவர் பெயர் விருதுநக்.

அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அவுக பேர அழிச்சிட்டீகளா சார்?" என்றாள். சத்தமே வரவில்லை. "பேரச் சொன்னாலே ஆயுசு கொறையும்பாக. பேரே இல்லாமப் போனா?"

சாருக்கு அப்போதுதான் தாம் செய்தது உறைத்தது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "தப்பாப் போச்சும்மா. அதையே திருப்பிப் போட்டுருவோம். விருதுநகவ எல்லாம்..." என்று கீபோர்டில் கையை வைத்தார்.

"கைய எடுங்க சார்!" ரேணுகாதேவி போட்ட சத்தத்தில் கீழே உரக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "திருப்பிப் போட்டா மாவட்டமும் சேந்து திரும்பிப் போயிரும். எந்திரிங்க."

அவர் எழுந்துவிட்டார். சென்டரின் முதலாளி, சொந்த நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றார். அவள் உட்கார்ந்து முதல் வேலையாக அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"நெசமாவே விருதுநகரா இருக்கவேண்டியது மாவட்டம் மட்டுந்தான்" என்று தனக்குத்தானே பேசினாள். "சில பக்கத்துல மாவட்டம்னு இருக்கு, சில பக்கத்துல ஜில்லான்னு இருக்கு. நடுவுல இடைவெளி ஒண்ணும் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். மொதல்ல இதுகளத் தனியா ஒளிச்சு வைக்கணும்."

அடித்தாள். விருதுநகர், அதன்பின் எத்தனை இடைவெளி இருந்தாலும் சரி என்று சொல்ல ஒரு நட்சத்திரம், அடைப்புக்குறிக்குள் மாவட்டமோ ஜில்லாவோ. அப்படி எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் விருதுநகரை எடுத்துவிட்டு ஊரில் எவனுக்கும் இல்லாத ஒரு பேரை வை. என்ன பேர் வைத்தாள் தெரியுமா? காராச்சேவு.

சிரிக்கிற நேரமா அது? காராச்சேவு மாவட்டம், காராச்சேவு ஜில்லா என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மறைக்கும்போதே திரும்பி வர வழி வைத்து மறைக்கிறாள் இவள். தன் வீட்டு அடுப்படியில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்ததும், எங்கோ கண்காணாத தேசத்தில் உட்கார்ந்து யாரோ இந்த மெஷினுக்குள் வைத்ததும் ஒன்றேதான். இந்த இரண்டும் எங்கள் உரக்கடை மாடியில் வந்து சந்தித்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆண்டவரே என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு.

இரண்டாவது வரி. இப்போது மிச்சம் இருக்கிற விருதுநக எல்லாமே ஆட்கள், அவர்கள் இருக்கிற தெருக்கள். அவற்றுக்குப் பழைய பேரைக் கொடுக்க வேண்டும். தேட வேண்டியதை அடித்தாள். மாற்ற வேண்டியதை அடிக்கிற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"நான் அடிக்கட்டாடி?" என்றேன்.

"வேணாம். வாய்க்குத்தான் தடை. விரலுக்கு அத்தை ஒண்ணும் சொல்லல."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கா. ம. ரா. ஜ. ஒரு தப்பு விழவில்லை. என்டர்.

திரை ஒரு தரம் சிமிட்டியது. எம்.ரெட்டியபட்டியின் காமராஜ்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். காமராஜன் வந்தார், காமராஜபாண்டி வந்தார், காமராஜர் தெரு வந்தது. யார் பேரில் என்ன வால் இருந்ததோ அது அப்படியே இருந்தது. மூன்றாவது வரியில் காராச்சேவை எடுத்துவிட்டு விருதுநகரை உட்கார வைத்தாள். சுவரோரம் நின்ற சார் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்வதென்றால், எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

திரும்பப் பிரிண்டு எடுத்தோம். எழுதிய தாள்கள் கையில் இல்லாததால், பிரிண்டை வாசித்துத் திரையோடு ஒப்புப் பார்க்கிற வேலை பாக்கி. ரேணுகாதேவி எழுந்து, வழக்கமாக வாசிக்க உட்காரும் ஸ்டூலுக்குப் போனாள். தாளைக் கையில் எடுத்தாள். உதடு வறண்டிருந்தது. சார் சொன்னது அவருக்கும் மறக்கவில்லை, எங்களுக்கும் மறக்கவில்லை. அவர் தரையிலிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவள் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"ஜாய்ஸு, நீங்க வாசிங்க. அவுக மெஷின்லயே இருக்கட்டும். இனிமே அவுக எடம் அதுதான்."

அன்றைக்குக் காலை வரைக்கும் அவளை வாம்மா போம்மா என்றவர்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தேன். அவள் திரையைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் "இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஜெயபாண்டி, தகப்பனார் பெயர் பால்சாமி. இருக்கு. காமராஜபாண்டி, தகப்பனார் பெயர் காமராஜன். இருக்கு. எனக்கு ஒரு தடையும் இல்லையே, சபை முன்னால் சொல்கிற மாதிரி உரக்க வாசித்தேன். அவர்கள் தெரு வந்தது. அவர்கள் கதவு எண் வந்தது.

"காமராஜ். வயசு முப்பத்தொண்ணு."

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரையில் அந்தப் பேர் மேல் விரலை வைத்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"இருக்காக" என்றாள்.